அந்தக் கப்பல் எத்தனை வாட்

ஒரு கப்பலால் நான் ஒரு சிநேகிதனைத் தொலைத்தேன். கடலில் ஓடுகிற கப்பலாக இருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருக்கும். இது விண்வெளியில் பறக்கிற கப்பல். அதுவும் நிஜத்தில் கிடையாது, டிவி தொடரில் வருவது. அதன் என்ஜின் எத்தனை வாட் கொடுக்கும் என்று நானும் அவனும் ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்தாவது வருஷம் நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் எழுந்து போனான். கேட்டால் சிரிப்பார்கள் என்று இதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியானால் கண் வாசலுக்குப் போகிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். அவனை முதன்முதலில் பார்த்ததே சண்டை போடப் போன இடத்தில்தான். நான் ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவன். அப்போதுதான் கிராஃப் தாளை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தேன். சாயங்காலமானால் எங்கள் தெருவில் வோல்டேஜ் விழும், கம்ப்யூட்டர் கண்ணை மூடும், பாதி போட்ட பார்டர் காணாமல் போகும். ஒரு நாள் மூன்று நாள் வேலை மொத்தமாகப் போனதும் கட்டியிருந்த லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு துணை மின்நிலையத்துக்குப் போய்க் கத்தினேன். அங்கே புதிதாக வந்திருந்த இன்ஜினியர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், நான் கத்தி முடிக்கும் வரை பேனாவை மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு உங்கள் தெருவில் எத்தனை பவர்லூம் ஓடுகிறது என்று கேட்டான். எட்டு என்றேன்.

பதினாலு என்றான். அவன் எங்கள் தெருவுக்குள் வந்ததுகூட இல்லை. முந்தின நாள் மெயின் ரோட்டில் போகும்போது எங்கள் தெரு முனை விளக்கு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தானாம். கம்பி எவ்வளவு தூரம், எவ்வளவு தடிமன் என்பது அவனுக்குத் தெரியும். விளக்கு மங்குவதை வைத்து மோட்டாரை எண்ணிவிட்டான். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கதவாகப் போய் எண்ணினேன். பதினாலு. ஆறு பேர் யாருக்கும் சொல்லாமல் மோட்டார் மாட்டியிருந்தார்கள், அதில் ஒருவர் என் சொந்த அண்ணன்.

மறுநாள் திரும்பப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பொய். எப்படிச் சொன்னான் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவன் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்திருந்த போனில் ஒரு படம் அசையாமல் நின்றிருந்தது. கறுப்பு வானம், ஒரு கப்பல், பக்கத்தில் ஒரு பெரிய பனிப்பாறை. அந்தத் தொடரை நானும் பார்த்திருக்கிறேன், பத்தாவது படிக்கும்போது, எதிர் வீட்டு டிவியில். அதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கப்பல் அந்தப் பாறையை எத்தனை நொடியில் உருக்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். உருக்கின வேகம் தெரிந்தால் கப்பலின் சக்தி தெரிந்துவிடும். தெருவிளக்கு மங்கினதை வைத்து மோட்டாரை எண்ணின அதே புத்திதான்.

எனக்கு அந்த இடத்திலேயே பைத்தியம் பிடித்துவிட்டது.

அவன் சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம் ஒரு கிராமம். ஊருக்கு வெளியே இருக்கிற காலனியில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் கழனி வேலைக்குக் கூலி போனவர்கள். அவன் இன்ஜினியர் ஆன பிறகு கலசப்பாக்கத்திலேயே வீடு கட்டி அவர்களையும் கூட வைத்துக்கொண்டிருந்தான். வேலை நாளில் பைக்கில் வருவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ், போளூரில் இறங்கி ஆரணி பஸ் மாறி வருவான். கேட்டால் பஸ்ஸில்தான் கணக்கு நன்றாக ஓடுகிறது என்பான். பத்து மணிக்கு என் டிசைன் ரூமில் இருப்பான். முதல் இரண்டு மாதம் எனக்கு அவன் சார், அவனுக்கு நான் அண்ணாத்தே. அப்புறம் எப்போது நீ, வா, போ என்று ஆனது என்று ஞாபகம் இல்லை.

எங்கள் வேலையைக் கேட்டால் சுலபமாகத் தெரியும். கப்பலின் பக்கவாட்டில் ஜன்னல்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசை ஒரு மாடி. ஒரு மாடியில் ஒரு ஆள் நிமிர்ந்து நடக்க வேண்டுமே, அப்படியென்றால் மாடி இத்தனை அடி. இத்தனை மாடி என்றால் கப்பலின் உயரம் இவ்வளவு. கப்பலின் உயரத்தை வைத்து, அதே படத்தில் தெரிகிற பாறையின் அகலம் எவ்வளவு. அகலத்தை வைத்துக் கன அளவு, கன அளவை வைத்து எத்தனை டன் பனி. ஒரு கிலோ பனியை உருக்க இவ்வளவு வெப்பம், உருகின தண்ணீரை ஆவியாக்க அதைப் போலக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. மொத்த வெப்பத்தை நொடியால் வகுத்தால் வாட். அளப்பது என் பொறுப்பு, ஏனென்றால் கட்டம் எண்ணுவதுதான் என் பிழைப்பு. படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாக எண்ணித் தருவேன். வெப்பக் கணக்கு அவனுடையது.

இதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து, இந்தக் கப்பல் பெரிசா அந்தக் கப்பல் பெரிசா என்று அடித்துக்கொள்வார்கள். நாங்களும் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே பெயரில் அதில் நுழைந்தோம். ஓட்டை இங்கிலீஷ்தான், ஆனால் கணக்கு ஓட்டை இல்லை. என் மனைவி டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் அந்தக் கப்பலுக்குக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று கேட்பாள். ஒரு மாசம் கட்டாவிட்டால் நானே போய் ஃபியூஸைப் புடுங்கிவிடுவேன் என்று அவன் சொல்வான். அவள் அவனுக்கென்று கொஞ்சம் காராபூந்தி தனியாக எடுத்து வைப்பாள். எனக்குக் கேட்டால்கூடக் கிடைக்காது.

மூன்றாவது வருஷம் அந்தப் பனிப்பாறைக் கணக்கை எழுதிப் போட்டோம். குழுவில் பெரிய பேர் ஆகிவிட்டது. அந்தக் கப்பலுக்கு இனிமேல் இதுதான் எண் என்று அவர்களுடைய தொகுப்புப் பக்கத்தில் எங்கள் எண்ணை ஏற்றினார்கள். கீழே எங்கள் இரண்டு பேர் சொந்தப் பெயரும், அளந்தது இன்னார், வெப்பக் கணக்கு இன்னார் என்று. நான் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெயருக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன். நான் போட்ட பார்டர் எத்தனையோ கல்யாணத்தில் மணப்பெண் மேல் இருந்திருக்கிறது. எந்தக் கடையில், எந்தப் பெயரில் விற்றார்கள் என்று எனக்கே தெரியாது. புடவையில் டிசைன் போட்டவன் பெயர் எங்கேயும் வராது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு வேலைக்குக் கீழே என் பங்கு என்று எழுதியிருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அதற்குத்தான் வந்தது வினை.

பத்தாவது வருஷம், சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் வந்ததும் வராததுமாக அந்தப் பழைய படத்தைத் திறக்கச் சொன்னான். குழுவில் யாரோ புதிதாக வந்த ஒரு ஆள் இரண்டு நாளாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதாகவும், பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னான். படத்தைத் திறந்தேன். கப்பலுக்கும் பாறைக்கும் பின்னால், ஓரத்தில், ஒரு கிரகம் தெரியும். அதை நாங்கள் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவன் அதன் மேல் விரலை வைத்தான்.

"இது வட்டம் இல்லபா, முட்டை. படுத்துகினு கீது பாரு."

விஷயம் இதுதான். தொடர் பழையது. அந்தக் காலத்து டிவி பெட்டி மாதிரிச் சதுரத்துக்குக் கிட்ட எடுத்த படம். நாங்கள் வைத்திருந்த பிரதியை யாரோ இந்தக் காலத்து அகல டிவிக்காகப் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருக்கிறார்கள். உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் நீண்டுவிடும். நாங்களோ கப்பலை உயரத்தில் அளந்து, பாறையை அகலத்தில் அளந்திருக்கிறோம். அப்படியானால் பாறை நாங்கள் சொன்ன அளவு பெரிசே இல்லை. பாறை சின்னதென்றால் எண்ணும் தப்பு.

நான் கிரகத்தைப் பார்த்தேன். எனக்கு அது வட்டமாகத்தான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அச்சு வார்த்த வட்டம்.

ஏன் அப்படித் தெரிந்தது என்பதையும் அவனே சொன்னான். பத்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தொழிலை அவன் தெரிந்துவைத்திருந்தான். பட்டுத் துணியில் ஓர் அங்குலத்துக்குள் நெடுக்கே ஓடுகிற பாவு இழை நிறைய இருக்கும், குறுக்கே போகிற ஊடை இழை குறைவு. கிராஃபில் கட்டம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. அதனால் கிராஃபில் அன்னத்தை அழகாகப் போட்டால் துணியில் அது ஒல்லிக்குச்சியாக நெட்டையாகிவிடும். துணியில் அன்னம் அன்னமாக நிற்க வேண்டுமென்றால் கிராஃபில் அதைப் பக்கவாட்டில் இழுத்து, கொழுத்த வாத்து மாதிரி அகலமாகப் போட வேண்டும். முப்பது வருஷம் அந்த வாத்தை அன்னமாகவே பார்த்துப் பழகின கண் எனக்கு. இழுத்த படத்தைக் காட்டினால், இழுத்திருக்கிறது என்றே தெரியாது. கண் தானாகவே அதை ஒடுக்கிச் சரி பண்ணிக்கொள்ளும். வேறு எந்தத் தொழில்காரன் அளந்திருந்தாலும் முதல் நாளே இது முட்டை என்று சொல்லியிருப்பான்.

அண்ணியின், அதாவது என் மனைவியின், வளையல் ஒன்றைக் கொண்டுவந்து திரையில் அந்தக் கிரகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். ஒரு நிமிஷ வேலை. நான் எழுந்திருக்கவில்லை. முப்பது வருஷக் கண்ணுக்கு மேல் ஒரு கண்ணாடி வளையல் சாட்சி சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவன் பொறுமையாகத்தான் பேசினான். தப்பு என்றால் தப்பு என்று எழுதிவிடலாம், இரண்டு பேர் பெயரும்தானே இருக்கிறது, இரண்டு பேர் தப்பு என்றே எழுதலாம், நாமே திருத்தினால் நமக்குத்தான் மரியாதை என்றான். எல்லாம் நியாயமான பேச்சு. எனக்கு நியாயம் காதில் ஏறவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடுவார்கள், பெயரும் போய்விடும் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. அவன் கடைசியாக, வேண்டுமானால் நானே எழுதிவிடுகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றான்.

"கோட்டால இன்ஜினியர் ஆனவன்கிட்ட நான் கணக்கு கத்துக்கணுமா?" என்றேன்.

சொன்னது நான்தான். யாரோ சொன்ன மாதிரி அந்த வார்த்தை ரூமுக்குள் நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நோட்டை மூடினான், பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். டீயில் பாதி மிச்சம் இருந்தது, அதைக் குடித்து முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்தான். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வாசலில் என் மனைவியிடம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டுதான் போனான்.

அவள் உள்ளே வந்தாள். சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது.

"இன்னா வார்த்தைங்க அது?" என்றாள். நான் அவன் பேசினதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிற்கவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் அவள் பேசினது சாப்பாடு ஆயிற்று, சாவி எங்கே, அவ்வளவுதான்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல ஆசைதான். எனக்கும் இன்ஜினியர் ஆக ஆசை இருந்தது. ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது. நம் சீட்டெல்லாம் அவர்களுக்குப் போய்விட்டது என்று அப்பா சொல்வார், மாமா சொல்வார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்வார். நானும் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பன்னிரண்டாவதில் கணக்கில் நான் தேறினதே பெரிய காரியம். அந்த மார்க்குக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது. நான் விண்ணப்பமே போடவில்லை. அதைவிட வெட்கம், நெசவுக்காரர்களான எங்களுக்கும் இந்தத் தமிழ்நாட்டில் ஒதுக்கீடு உண்டு. என் அண்ணன் மகன் அதில்தான் காலேஜ் போனான், வீட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். அதை யாரும் கோட்டா என்று சொல்லவில்லை. எங்களுக்கு வந்தால் அது எங்கள் பையனின் கெட்டிக்காரத்தனம். அவனுக்கு வந்தால் மட்டும் கோட்டா. ஒன்பது வருஷம் அவன் என் வீட்டில் சாப்பிட்டான் என்பதை வைத்து என் மனசில் அதெல்லாம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. ஒரு முட்டைக்காக வெளியே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குழுவிலும் அவன் எழுதவில்லை. திருத்தத்தையும் போடவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் போன் பண்ணியிருக்கலாம். கோபித்துக்கொண்டு போனவன் அவன், அவனே பேசட்டும் என்று வீம்பாக இருந்தேன். சில மாதத்தில் அவனுக்குப் பதவி உயர்வு வந்து போளூர் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று லைன்மேன் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒன்றேகால் வருஷம் போயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் போன பிறகும் புத்தி வரவில்லை.

போன ஆடியில் ஒரு மத்தியானம். வேலை இல்லை. பழைய டிசைன்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் படம் கண்ணில் பட்டது. திறந்தேன். கிரகம் வட்டமாகத்தான் இருந்தது. என் மனைவி குளிக்கப் போகும்போது வளையல்களைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்தேன். கிரகத்தை வளையல் உயரத்துக்குப் பெரிதாக்கித் திரையில் வைத்தேன். மேலேயும் கீழேயும் வளையல் சரியாக உட்கார்ந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் கிரகம் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

நான் வளையலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். வளையலைத் திருப்பினால் என்ன ஆகப்போகிறது? அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போயிருந்தது. அகலம் அவ்வளவு கூடினால் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். எங்கள் எண் இத்தனை வருஷமாக இரண்டு மடங்குக்கும் மேல் தப்பாக, எங்கள் பெயரோடு, உலகத்துக்கு முன்னால் நின்றிருக்கிறது. அவன் அன்றைக்கே சொன்னான்.

மூன்று நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். தப்பு எங்கே நடந்தது, என் கண் எப்படி ஏமாந்தது, கிராஃப் என்றால் என்ன, வாத்து என்றால் என்ன, எல்லாவற்றையும் எழுதினேன். தப்பு என்னுடையது மட்டும், கண்டுபிடித்தது அவன் மட்டும் என்று தெளிவாகப் போட்டேன். குழுவில் ஏற்றினேன். எல்லோரும் பாராட்டினார்கள். தானே தன் தப்பை ஒத்துக்கொள்கிற ஆள் அபூர்வம் என்று ஒருவர் எழுதினார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் அதை அவன் போனுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"படிச்சேங்க. கணக்கு சரி. ரெண்டாம் பக்கத்துல ஒரு சைபர் விட்டுப்போச்சு, போட்டுடுங்க. மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. அது ஒண்ணு மட்டும் அதுல இல்லீங்களே."

எது இல்லை என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவன் பதில் போடவில்லை. போனை மனைவியிடம் காட்டி, எதைச் சொல்கிறான் பார், சைபரைத் தவிர எல்லாம் இருக்கிறதே என்றேன். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். தெரியாத மாதிரி நடிக்காதீர்கள் என்றாள். நான் நடித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று பக்கமும் அந்த நடிப்புத்தான். கணக்கில் செய்த தப்புக்கு ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாயால் செய்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறினேன். போளூரில் இறங்கி மாறினேன். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவன் வீட்டுக்குப் போனதில்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எப்போதும் அவன்தான் வந்தான். வழி தெரியாமல் கலசப்பாக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரித்துப் போனேன்.

அவன் வெளியே வந்து வாங்க என்றான். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், பிறகு டீ. மழை பற்றிக் கேட்டான், என் மனைவியின் முழங்கால் வலி பற்றிக் கேட்டான், பட்டு விலை பற்றிக் கேட்டான். ஒரு குறையும் இல்லாத மரியாதை. அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். டீ குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை அப்படியே அவன் முன்னால் திரும்பச் சொன்னேன். கோட்டா என்ற வார்த்தையை விழுங்காமல் சொன்னேன். சொன்னது தப்பு, சொல்ல வைத்தது என் பொறாமை, நான் விண்ணப்பமே போடாதவன், என்னை மன்னித்துவிடு என்றேன்.  அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

காலித் தம்ளரை உள்ளே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அது புதுசு இல்லீங்க," என்றான். "காலேஜ்ல சொன்னாங்க. வேலைல சேந்த அன்னிக்கு சொன்னாங்க. இப்ப பிரமோஷன் வந்தப்ப, குடுத்த ஸ்வீட்ட துன்னுகினே சொன்னாங்க. அதெல்லாம் காதுல உழாத மாரி இருந்துடுவேன், பழகிப்போச்சு. ஞாயித்துக்கிழமை உங்க ரூம்ல வந்து உக்காந்தா, கப்பல் எத்தினி வாட்டு, அவ்ளோ தான் பேச்சு. நான் எப்பிடி இன்ஜினியர் ஆனேன்னு அங்க மட்டும் எவனும் கேக்கல. அதுக்கு தாங்க ரெண்டு பஸ் மாறி வந்துகினு இருந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, மூன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் ஐந்துக்குத்தான் என்றான்.

கப்பல் பைத்தியத்தில் வருகிறான் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என்னைப் போலத்தான் அவனும் என்று. பைக்கில் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டான். பஸ் வரும் வரை கூடவே நின்றான். வரும் ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிடத்தான் நான் ஆரணியிலிருந்து கிளம்பியிருந்தேன். வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தேன். ஆனால் எங்கே வரச் சொல்வது? அவன் வந்துகொண்டிருந்த அந்த இடம் என் வீட்டில் இப்போது இல்லை. பஸ் வந்தது. நான் கூப்பிடாமலே ஏறினேன்.